புள்ளி நின்னா என்ன பண்றது? சின்ன பிளேன் ஓட்டுறவங்க வீட்ல இருக்கறவங்களுக்கு டிராக்கர் பத்தி கேள்வி பதில்

எங்க வீட்டுக்காரர் ஆறு வருஷமா சின்ன பிளேன் ஓட்டுறார். செஸ்னா 172, நாலு சீட்டு, ஒரு எஞ்சின், கிளப்ல வாடகைக்கு எடுக்கறது. நாங்க இருக்கறது கலிஃபோர்னியாவுல சேக்ரமெண்டோ பக்கம், சனிக்கிழமை ஆனா சியரா மலையைத் தாண்டி டாஹோ, ரீனோன்னு கிளம்பிடுவார். நான் பைலட் கிடையாது. அவரோட டிராக்கர் சில நிமிஷத்துக்கு ஒருமுறை சாட்டிலைட் வழியா இடத்தை அனுப்பும், தரையில உக்காந்து அதை ஃபோன்ல நகர்ற புள்ளியாப் பாக்கறவ, அவ்வளவுதான். ஆனா ஒரு நாள் அந்தப் புள்ளி மலைக்கு மேல நின்னு போச்சு, அதுக்கப்புறம் நான் படிச்சது விசாரிச்சது எல்லாம் இங்க தெரிஞ்சவங்க வட்டாரத்துல பரவி, புதுசா லைசென்ஸ் எடுக்கற பசங்க, அவங்க அம்மாக்கள், பொண்டாட்டிகள்னு ஆளாளுக்கு ஃபோன் பண்ணி ஒரே கேள்வியைக் கேக்கறாங்க. அதான் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன்.

அக்கா, ஏர்போர்ட்ல ரேடார் வச்சு எல்லா பிளேனையும் பாத்துட்டுதானே இருப்பாங்க? காணாம போனா அவங்களுக்கே தெரியாதா?

நானும் கல்யாணத்துக்கு அப்புறம் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன். ஏர் இந்தியாவும் யுனைட்டடும் போறப்ப ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரு கண்ட்ரோலர் கையில இருக்கும். சின்ன பிளேன் அப்படி இல்ல. வானம் தெளிவா இருக்கற நாள்ல, கண்ணால பாத்து ஓட்டுற முறையில அமெரிக்காவுல யார்கிட்டயும் சொல்லாமலே கிளம்பி இன்னொரு சின்ன ஏர்போர்ட்ல இறங்கிடலாம். டவரே இல்லாத ஏர்போர்ட்தான் இங்க அதிகம். கண்ட்ரோலரை ரேடியோல கூப்பிட்டு "என்னைக் கொஞ்சம் பாத்துக்கோங்க"ன்னு கேக்கற வசதி இருக்கு, ஃப்ளைட் ஃபாலோயிங்னு பேரு, காசு கிடையாது, கண்டிப்பா கேக்கணும். ஆனா அவங்களுக்கு வேலை அதிகம்னா முடியாதுன்னு சொல்லலாம், மலைக்குள்ள தாழப் பறந்தா ரேடாரும் எட்டாது ரேடியோவும் எட்டாது.

ஸ்டீவ் ஃபாசெட் கதையைத்தான் எல்லாருக்கும் சொல்லுவேன். பலூன்ல தனியா உலகத்தைச் சுத்தினவர், எத்தனையோ ரெக்கார்டு வச்சவர். 2007 செப்டம்பர் 3, நெவாடாவுல ஒரு பண்ணையில இருந்து சின்ன பிளேன் எடுத்துட்டு மதியத்துக்குள்ள வந்துடறேன்னு கிளம்பினார், வரவே இல்ல. ஃப்ளைட் பிளான் (எங்க போறேன், எப்ப போய்ச் சேருவேன்னு முன்னாடியே எழுதிக் குடுக்கறது) ஃபைல் பண்ணல, பண்ணணும்னு சட்டமும் இல்ல. ஒரு மாசம் தேடினாங்க, சுமார் 20,000 சதுர மைல், இன்டர்நெட்ல பொதுஜனம் உக்காந்து சாட்டிலைட் படத்தை எல்லாம் பாத்து தேடிச்சு, தேடுறப்ப வேற பழைய விமானங்களோட சிதைவு கிடைச்சுது, இவரோடது மட்டும் கிடைக்கல. மறு வருஷம் மலையேறப் போன ஒருத்தர் கண்ணுல அவரோட அடையாள அட்டை பட்டுதான் கண்டுபிடிச்சாங்க, மேமத் லேக்ஸ் பக்கம், சுமார் 10,000 அடி உயரத்துல. கிளம்பின இடத்துல இருந்து ஏறக்குறைய 65 மைல்தான். அவ்வளவு பேர் பெற்ற மனுஷனுக்கே இந்த கதி.

ஃப்ளைட்ரேடார் ஆப்ல எங்க அண்ணன் பிளேன் நம்பரைப் போட்டா வருதே, அது போதாதா?

வருது, ஆனா முழுசா நம்பாதீங்க. பிளேன்ல இருக்கற ஏடிஎஸ்-பி பெட்டி தன்னோட இடத்தை ரேடியோல சொல்லிக்கிட்டே போகும், கீழ யாரோ வீட்டு மாடியில வச்சிருக்கற ரிசீவர் அதைக் கேட்டு ஆப்புக்கு அனுப்பும். நேர் பார்வையில ரிசீவர் இருந்தாதான் கேக்கும். நடுவுல மலை வந்தா போச்சு. அமெரிக்காவுல 2020 ஜனவரியில இருந்து பெரிய ஏர்போர்ட் பக்கம் போகணும்னா ஏடிஎஸ்-பி கட்டாயம், ஆனா எல்லா வானத்துக்கும் கட்டாயம் இல்ல, எங்கயோ பண்ணைல நிக்கற பழைய பிளேன்ல அது இருக்காது. மேல இருந்து சாட்டிலைட்டே ஏடிஎஸ்-பி கேக்கற ஏற்பாடும் 2019-ல வந்துருச்சு, ஆனா அது 1090 மெகாஹெர்ட்ஸை மட்டும்தான் கேக்கும், நிறைய சின்ன பிளேன்ல ஆன்டெனா வயித்துக்கு அடியில, மேல இருக்கற சாட்டிலைட்டுக்கு சரியா எட்டாது, சிலதுல 978-னு வேற அலைவரிசை.

இதுல இன்னொரு தொல்லை என்னன்னா, பள்ளத்தாக்குல இருக்கற ஏர்போர்ட்ல ஒழுங்கா இறங்கினாக்கூட ஆப்புல கோடு ரெண்டாயிரம் அடி உயரத்துல அந்தரத்துல நின்னுடும். அதைப் பாத்து அழுத அம்மா ஒருத்தங்களை எனக்குத் தெரியும்.

பிளேன்லயே ஈஎல்டின்னு ஒண்ணு இருக்காமே, விழுந்தா தானா சிக்னல் குடுக்கும்னு பையன் சொல்றான். அப்புறம் எதுக்கு தனி டிராக்கர்?

பையன் சொல்றது சரிதான். பிளேனோட வால் பக்கம் ஆரஞ்சு கலர்ல ஒரு பெட்டி, பலமா அடிபட்டா தானா ஆன் ஆகும். கேள்வி என்னன்னா உங்க கிளப் பிளேன்ல இருக்கறது எந்தக் காலத்துப் பெட்டி. பழசு 121.5 மெகாஹெர்ட்ஸ்ல கத்தும், அதை சாட்டிலைட் கேக்கறதை 2009 பிப்ரவரி 1-ஆம் தேதியோட நிறுத்திட்டாங்க. இப்ப அந்தப் பக்கம் பறக்கற வேற பைலட் யாராவது அந்த அலைவரிசையைக் கேட்டாதான் உண்டு. புதுசு 406 மெகாஹெர்ட்ஸ், அதுல உங்க பேர்ல பதிவான நம்பர் இருக்கும், காஸ்பஸ்-சார்சாட்னு உலகம் பூரா இருக்கற சாட்டிலைட் ஏற்பாடு அதைக் கேக்கும். அமெரிக்காவுல தனியார் பிளேனுக்கு 406 மாத்தியே ஆகணும்னு கட்டாயம் இல்ல, அதனால பழைய பெட்டியோட பறக்கறவங்க இன்னும் இருக்காங்க. உங்க வீட்டு ஆள்கிட்ட இன்னைக்கே கேளுங்க, "நம்ம பிளேன்ல 121-ஆ 406-ஆ?" பதில் தெரியாம முழிச்சா அதுவே ஒரு பதில்தான்.

406 இருந்தாலும் உத்தரவாதம் இல்ல. 2010 ஆகஸ்ட் 9, அலாஸ்காவுல முன்னாள் செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் போன, ஆட்டர்ங்கற மாடல் சின்ன பிளேன் மலைச்சரிவுல மோதிச்சு. அதுல நல்ல 406 பெட்டியே இருந்துச்சு, ஆனா மோதின வேகத்துல அது மாட்டியிருந்த தட்டுல இருந்து கழண்டு, ஆன்டெனா ஒயர் அறுந்து, ஒரு சிக்னல்கூட வெளிய போகல. ஒன்பது பேர்ல அஞ்சு பேர் இறந்துட்டாங்க, அவரும் அதுல ஒருத்தர். மிச்ச நாலு பேர் அடிபட்டு, மழைக்குளிர்ல ராத்திரி பூரா அங்கயே. ஈஎல்டி விழுந்ததுக்கு அப்புறம்தான் பேச ஆரம்பிக்கும், டிராக்கர் விழறதுக்கு முன்னாடி வரைக்கும் பேசிட்டே வரும். தனியா ஒண்ணு வேணும்னு நான் சொல்றது இதுக்காகத்தான்.

(இந்த விபத்துல இன்னொரு விஷயம் இருக்கு, கீழ புள்ளி நின்னா என்ன பண்றதுங்கற கேள்வில சொல்றேன், அதுதான் எனக்கு ரொம்ப வலிச்ச விஷயம்.)

பிஎல்பி, ஸ்பாட், இன்ரீச் எல்லாம் ஒண்ணுதானா? கடைக்காரன் மூணையும் காட்டறான்.

இல்ல. பிஎல்பி டிராக்கரே கிடையாது. அது மேல சொன்ன 406 ஈஎல்டியோட குட்டித் தம்பி, பாக்கெட்ல வைக்கறது, கையால ஆன்டெனாவைப் பிரிச்சு பட்டனை அழுத்தணும், அழுத்தினா 50 செகண்டுக்கு ஒருமுறை அஞ்சு வாட்ல சாட்டிலைட்டுக்கு அடிக்கும், குறைஞ்சது 24 மணி நேரம். மாசக் கட்டணம் கிடையாது, பேட்டரி அஞ்சாறு வருஷம் சார்ஜே இல்லாம கிடக்கும். அழுத்தற வரைக்கும் அது ஊமை. நீங்க வீட்ல இருந்து பாக்க ஒண்ணும் இருக்காது.

ஸ்பாட் 2007-ல வந்தது, குளோபல்ஸ்டார் சாட்டிலைட்ல ஓடுது. சாதாரண மாடல் ஒரு வழிப் பாதை, "நல்லா இருக்கேன்", "உதவி வேணும்", எஸ்ஓஎஸ், அப்புறம் தானா புள்ளி வைக்கற டிராக்கிங். திரும்பி நீங்க ஒண்ணும் சொல்ல முடியாது, மெசேஜ் போச்சா இல்லையான்னு அவருக்கும் உறுதியாத் தெரியாது. இன்ரீச் 2011-ல டிலார்ம்னு ஒரு கம்பெனி கொண்டு வந்தது, 2016-ல கார்மின் வாங்கிடுச்சு. இது இரிடியம் சாட்டிலைட், 66 சாட்டிலைட் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிட்டு பூமி முழுக்க, துருவம் வரைக்கும் மூடியிருக்கும். ரெண்டு பக்கமும் மெசேஜ் அடிக்கலாம். குளோபல்ஸ்டார்ல சாட்டிலைட் ஒரே நேரத்துல உங்களையும் பாக்கணும், தரையில இருக்கற ஸ்டேஷனையும் பாக்கணும், அதனால நடுக்கடல், ஸ்டேஷன் இல்லாத நாடுன்னா இடிக்கும். கலிஃபோர்னியாவுல ரெண்டுமே ஓடும்.

நியூசிலாந்துல ஸ்பைடர்டிராக்ஸ்னு பிளேனுக்குன்னே செஞ்ச ஒண்ணும் உண்டு, புள்ளி வராம நின்னா தானே அலாரம் அடிக்கற மாதிரி. பெரும்பாலும் கம்பெனிக்காரங்க வாங்கறது.

சரி, ஒண்ணே ஒண்ணு வாங்க காசு இருக்கு. எதை வாங்க?

வீட்ல ஒருத்தர் உக்காந்து பாப்பாங்கன்னா இன்ரீச். யாரும் பாக்க மாட்டாங்க, அவரவர் வேலை அவரவருக்குன்னா பிஎல்பி, ஏன்னா அதைப் பாக்கறதுக்கு சம்பளம் வாங்கற ஆட்கள் இருக்காங்க. ரெண்டுமே 300-400 டாலர் பக்கம் வரும், இன்ரீச்சுக்கு மேற்கொண்டு மாசக் கட்டணம். எங்க வீட்ல ரெண்டும் இருக்கு. மூணு தடவை பறக்கற செலவு, அவ்வளவுதான், பெட்ரோல் விலை தெரிஞ்சவங்களுக்குப் புரியும்.

ஐஃபோன் பதினாலுல இருந்தே சாட்டிலைட் எஸ்ஓஎஸ் இருக்கே, ஏர்டேக்கும் பையில போட்டிருக்கேன், இன்னும் என்ன வேணும்?

ஐஃபோன் எஸ்ஓஎஸ் நல்ல விஷயம், 2022 நவம்பர்ல இங்க வந்தது, அதுவும் குளோபல்ஸ்டார்தான். ஆனா அது பிஎல்பி மாதிரிதான், நீங்க முழிச்சிருக்கணும், கை வேலை செய்யணும், ஃபோன் உடையாம இருக்கணும், வானத்தைப் பாத்து ஃபோனை அப்படி இப்படி திருப்பிப் பிடிக்கணும். மோதினா தானா கண்டுபிடிக்கறது காருக்காக செஞ்சது, பனிச்சறுக்கு விளையாடறவங்க விழுந்ததுக்கெல்லாம் போலீஸுக்கு ஃபோன் பண்ணி மானத்தை வாங்கினது ஞாபகம் இருக்கும். மூணாவது கருவியா வச்சுக்கோங்க, முதலாவதா வேண்டாம்.

ஏர்டேக் வேலைக்கே ஆகாது. பக்கத்துல வேற யாரோட ஐஃபோனாவது இருந்தாதான் அது எங்க இருக்குன்னு தெரியும். மலை உச்சியில கரடிகிட்ட ஐஃபோன் இல்ல.

பத்து நிமிஷத்துக்கு ஒரு புள்ளி போதும்தானே? ரெண்டு நிமிஷ பிளானுக்கு காசு கூட கேக்கறான்.

கணக்கு போட்டுப் பாருங்க. செஸ்னா 120 நாட் வேகத்துல போகுதுன்னு வைங்க, அதாவது மணிக்கு 120 நாட்டிகல் மைல், நிமிஷத்துக்கு 2. பத்து நிமிஷத்துல 20 நாட்டிகல் மைல், 37 கிலோமீட்டர். கடைசிப் புள்ளி வச்ச மறு நிமிஷம் ஏதோ ஆச்சா, அடுத்த புள்ளிக்கு முந்தின செகண்ட் ஆச்சான்னு யாருக்கும் தெரியாது, திரும்பியும் இருக்கலாம், அப்ப அந்தப் புள்ளியைச் சுத்தி 37 கிலோமீட்டர் வட்டம் பூரா தேடணும். சுமார் 4,300 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சி மாதிரி பத்து, அதுவும் காடும் பாறையுமா. ரெண்டு நிமிஷம்னா வட்டம் ஏழு கிலோமீட்டர் சொச்சம், பரப்பு 170 சதுர கிலோமீட்டர் பக்கம். நேரம் அஞ்சுல ஒண்ணு ஆனா தேடற பரப்பு இருபத்தஞ்சுல ஒண்ணு.

நடக்கறவங்களுக்கும் சைக்கிள்காரங்களுக்கும் பத்து நிமிஷம் தாராளம், இந்தக் கருவிகளே அவங்களுக்காக வந்ததுதான். பறக்கறவங்களுக்கு ரெண்டு நிமிஷம், முடியலைன்னா அஞ்சு. காபியைக் குறைச்சுக்கச் சொல்லுங்க.

கருவியை எங்க வைக்கணும்? இவர் பின் சீட்டு பையில போட்டுட்டுப் போறார்.

செஸ்னாவுக்கு இறக்கை மேல இருக்கு, பின் சீட்டு பையில போட்டா மேல தகரம், சுத்தி துணி, சாட்டிலைட்டுக்கு ஒண்ணும் தெரியாது. முன் கண்ணாடிக்கு அடியில, வானம் தெரியற இடத்துல, கிளிப் போட்டு இறுக்கி வைக்கணும். திசைகாட்டிக்குப் பக்கத்துல வைக்கக்கூடாது, முள்ளு இழுத்துக்கும். வெயில்ல வெந்துபோற இடத்துல நிறுத்தி வச்ச பிளேன்ல விட்டுட்டு வரவும் கூடாது, லித்தியம் பேட்டரி.

பிஎல்பி மட்டும் உடம்புல இருக்கணும். இடுப்பு பெல்ட்லயோ, சட்டைப் பையிலயோ, தண்ணிக்கு மேல போறப்ப லைஃப் ஜாக்கெட்லயோ. தீப்பிடிச்சாலும் தண்ணில விழுந்தாலும் பையைத் தேடறதுக்கு நேரம் இருக்காது, உடம்போட என்ன ஒட்டிட்டு இருக்கோ அதுதான் வெளிய வரும். எங்க வீட்டுக்காரர் முதல்ல கூச்சப்பட்டார், ஏதோ போலீஸ்காரன் மாதிரி இருக்குன்னு. இப்ப பழகிருச்சு.

அக்கா, புள்ளி நின்னு போச்சுன்னா நான் என்ன பண்ணணும்? எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?

நிறைய பேர் கருவியை வாங்கி லிங்க்கை அனுப்பிட்டு கடமை முடிஞ்சதுன்னு போயிடறாங்க. மேல சொன்ன அலாஸ்கா பிளேன்ல ஈஎல்டி மட்டும் இல்ல, சில நிமிஷத்துக்கு ஒருமுறை இடத்தை அனுப்பற சாட்டிலைட் டிராக்கரும் இருந்துச்சு. விபத்து நடந்தது மதியம் மூணு மணிக்கு முன்னாடி. பிளேன் கிளம்பின லாட்ஜ்ல இருந்தவங்க சாயங்காலம் ஆறு மணி வாக்குல, அது போக வேண்டிய மீன்பிடி கேம்ப்புக்கு ஃபோன் பண்ணி எப்ப கிளம்பறாங்கன்னு கேட்டப்பதான் அவங்க அங்க போய்ச் சேரவே இல்லைன்னு தெரிஞ்சது. மூணு மணி நேரத்துக்கு மேல. புள்ளி சொல்லிட்டுதான் இருந்துச்சு, கேக்க ஆள் இல்ல.

இப்ப என் கதை. ரெண்டு வருஷம் முன்ன ஒரு சனிக்கிழமை, டாஹோ பக்கம் ஒரு சின்ன ஏர்போர்ட்டுக்குப் போனார். மலைமுகட்டுக்கு நேர் மேல புள்ளி நின்னுச்சு. பத்து நிமிஷம், இருபது நிமிஷம், ஃபோன் பண்றேன் போகல, குழந்தை ஹோம்வொர்க்கைக் காட்டுது, நான் என்ன பாக்கறேன்னே எனக்குத் தெரியல. எந்த நம்பருக்கு ஃபோன் பண்ணணும், பிளேன் நம்பர் என்ன, வெள்ளையா சிவப்பா, ஒண்ணுமே எனக்குத் தெரியாது. நாப்பத்தேழு நிமிஷம் கழிச்சு அவரே கூப்பிட்டார், பர்கர் தின்னுட்டு இருந்தார். கருவி நழுவி சீட்டுக்கு அடியில விழுந்திருக்கு, அவ்வளவுதான். அன்னைக்கு ராத்திரி நடந்த சண்டையை இங்க எழுத முடியாது, ஆனா மறுநாள் ஃப்ரிட்ஜ்ல ஒரு பேப்பர் ஒட்டினோம்.

அந்தப் பேப்பர்ல இருக்கறது: பிளேன் நம்பர், கலர், எத்தனை பேர், எத்தனை மணி நேரத்துக்கு எரிபொருள், எல்லாரோட ஃபோன் நம்பரும் எந்த கம்பெனி சிம்னும் (காணாம போன பிளேனைத் தேடற தன்னார்வலர் அமைப்பான சிவில் ஏர் பேட்ரோல்ல செல்ஃபோன் டவர் தகவலை வச்சுத் தேடறதுக்குன்னே ஒரு குழு இருக்கு, அவங்களுக்கு இது வேணும்), போற ஏர்போர்ட் ஆபீஸ் நம்பர், ஃப்ளைட் சர்வீஸ் (பைலட்டுங்களுக்கு உதவற அரசாங்க சேவை) நம்பர் 1-800-992-7433. புள்ளி நின்னு பதினஞ்சு நிமிஷம் ஆனா அவருக்கு மெசேஜ். முப்பது நிமிஷம் ஆனா போற ஏர்போர்ட்டுக்கு ஃபோன், "இந்த நம்பர் பிளேன் வெளிய நிக்குதான்னு கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்". அங்க இல்லைன்னா உடனே ஃப்ளைட் சர்வீஸ், கடைசிப் புள்ளியோட அட்சரேகை தீர்க்கரேகையைப் படிச்சுச் சொல்லணும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கணும். யாரும் எடுக்கலைன்னா 911. சும்மா தொந்தரவு பண்றோமோன்னு கூச்சப்படாதீங்க, இருட்டறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் கிடைக்கறதும் கிடைக்காததும் மலைல ராத்திரி கழிக்கறவங்களுக்கு ரொம்பப் பெரிய வித்தியாசம். அவர் பக்கம் ஒரே ஒரு விதி: இறங்கினதும் எஞ்சினை அணைச்சதும் முதல் வேலை "இறங்கிட்டேன்" மெசேஜ். பர்கர் அப்புறம்.

ஃப்ளைட் பிளான் ஃபைல் பண்ணிட்டா அரசாங்கமே தேடுமே, நான் ஏன் உக்காந்து பாக்கணும்?

தேடும். சொன்ன நேரத்துக்கு அரை மணி நேரம் கழிச்சும், இறங்கிட்டேன்னு சொல்லி பிளானை மூடலைன்னா ஃப்ளைட் சர்வீஸ் விசாரிக்க ஆரம்பிக்கும். கண்டிப்பா ஃபைல் பண்ணுங்க. ஆனா பாருங்க, மூணு மணி நேரப் பயணத்துல முதல் இருபதாவது நிமிஷத்துல ஏதாவது ஆனா, அந்தக் கடிகாரம் அடிக்க இன்னும் மூணு மணி நேரத்துக்கு மேல இருக்கு. புள்ளி பாக்கறவங்களுக்கு அரை மணி நேரத்துல தெரிஞ்சிரும். ரெண்டும் சேர்ந்தாதான் சரி, ஃப்ளைட் சர்வீஸ் நடத்தற லைடோஸே ஸ்பாட், இன்ரீச் மாதிரி டிராக்கரை ஃப்ளைட் பிளானோட இணைக்கற ஏற்பாட்டைக் கொண்டு வந்தாங்கன்னா பாத்துக்கோங்க.

இறங்கினதும் பிளானை மூட மறந்துட்டா தேவையில்லாம தேடுவாங்க, டவர் இருந்தாலும் அது தானா மூடாது. மறதிக்காரருக்கு "இறங்கிட்டேன்" மெசேஜ்லயே நீங்க ஞாபகப்படுத்திடுங்க.

எஸ்ஓஎஸ் அழுத்தினா யாருக்குப் போகும்? நேரா ஹெலிகாப்டர் வந்துருமா?

இன்ரீச், ஸ்பாட் எஸ்ஓஎஸ் தனியார் உதவி மையத்துக்குப் போகும், அவங்க அந்தந்த ஊர் மீட்புக் குழுவைக் கூப்பிடுவாங்க, கலிஃபோர்னியாவுல கவுண்டி ஷெரீஃப். பிஎல்பி நேரா அரசாங்க வழி: சாட்டிலைட்ல இருந்து மேரிலாண்ட்ல இருக்கற கட்டுப்பாட்டு மையம், அங்க இருந்து ஃப்ளோரிடா டின்டால்ல விமானப்படையோட மீட்பு ஒருங்கிணைப்பு மையம்.

ரெண்டுலயும் முதல்ல என்ன பண்ணுவாங்க தெரியுமா? பதிவு பண்ணும்போது குடுத்த ஃபோன் நம்பருக்குக் கூப்பிடுவாங்க, இது நிஜமா, ஆள் எங்க போயிருக்கார்னு. நிறைய பேர் அங்க தங்களோட சொந்த நம்பரையே குடுத்து வச்சிருக்காங்க! மலைல விழுந்து கிடக்கற ஃபோன்ல மணி அடிச்சு என்ன ஆகும்? உங்க நம்பரைக் குடுங்க, அது மாறினா அன்னைக்கே மாத்துங்க. பிஎல்பியை என்ஓஏஏங்கற அமெரிக்க அரசாங்க வானிலை, கடல் துறையோட தளத்துல பதியறது இலவசம்.

எஞ்சின் நின்னுருச்சு, இன்னும் காத்துல இருக்கோம். அப்பவே அழுத்தலாமா, விழுந்தப்புறம்தானா?

இதுக்கு எங்க வீட்டு பைலட் கிட்டதான் பதில் கேட்டேன். அவர் சொன்னது: முதல்ல பிளேனை ஓட்டணும், இறங்க இடம் பாக்கணும், நேரம் இருந்தா ரேடியோல அவசர அலைவரிசையான 121.5-ல மேடே சொல்லணும், டிரான்ஸ்பாண்டர்ல (ரேடாருக்குப் பதில் சொல்ற பெட்டி) ஆபத்துக்கான 7700 எண்ணைப் போடணும். தனியா இருந்தா அதுக்கே கை பத்தாது. பக்கத்து சீட்ல ஆள் இருந்தா இன்ரீச் எஸ்ஓஎஸ் அவங்க வேலை, காத்துலயே அழுத்திடலாம், தரை மட்டத்துல இருந்து அஞ்சாயிரம் அடி மேல இருந்தா செஸ்னா சறுக்கி இறங்க ஆறு ஏழு நிமிஷம் ஆகும், அதுக்குள்ள மெசேஜ் போயிரும், மேல இருக்கற வரைக்கும் வானமும் நல்லாத் தெரியும். அதனால கிளம்பறதுக்கு முன்னாடி பக்கத்து சீட்டு ஆளுக்கு மூடி எங்க, பட்டன் எங்கன்னு காட்டணும். எட்டு வயசு ஆன எங்க பையனுக்குத் தெரியும்.

பிஎல்பி தரைக்கு வந்தப்புறம், வெளிய எடுத்து ஆன்டெனாவை வானத்தைப் பாக்க நிறுத்தி. பள்ளத்துல கிடந்தா மேட்டுக்கு நகர முடியுமான்னு பாக்கலாம், ஆனா பிளேனை விட்டு தூரமாப் போகக்கூடாது, மேல இருந்து தேடறவங்களுக்கு மனுஷனை விட இறக்கைதான் கண்ணுல படும்.

கை பட்டு தெரியாம எஸ்ஓஎஸ் போயிருச்சுன்னா ஜெயில்ல போட்டுருவாங்களா?

தெரியாம பண்ணினதுக்குப் போட மாட்டாங்க. உடனே ரத்து பண்ணணும், இன்ரீச்லயே ரத்து இருக்கு, பிஎல்பின்னா அணைச்சுட்டு மீட்பு மையத்துக்கு ஃபோன். பயந்துபோய் அணைச்சுட்டு சும்மா இருக்கறதுதான் தப்பு, அவங்க தேடிட்டே இருப்பாங்க.

எங்க மாமா ஹாம் ரேடியோக்காரர், அவர் ஏபிஆர்எஸ் போதும், காசே வேண்டாம்னு சொல்றார். நிஜமா?

மாமா சொல்றதுல உண்மை இருக்கு. ஏபிஆர்எஸ்ங்கறது பொழுதுபோக்கா ரேடியோ வச்சிருக்கற ஹாம்காரங்க இடத்தை அனுப்பற முறை: வட அமெரிக்காவுல 144.39 மெகாஹெர்ட்ஸ்ல சின்ன டிரான்ஸ்மிட்டர் புள்ளி அனுப்பும், தரையில இருக்கற ஹாம் ஆர்வலர்களோட ஸ்டேஷன் அதை வாங்கி இன்டர்நெட்ல போடும். மேல பறக்கறதால ரொம்ப தூரத்துக்குக் கேக்கும், நிமிஷத்துக்கு ஒண்ணுகூட அனுப்பலாம், மாசக் கட்டணம் இல்ல. சாட்டிலைட் டிராக்கர் விலை எட்டாத காலத்துல சொந்தமா பிளேன் கட்டறவங்க இதைத்தான் மாட்டினாங்க. ஆனா லைசென்ஸ் வேணும், தாழ வந்ததும் ஏடிஎஸ்-பிக்கு சொன்ன அதே மலைப் பிரச்சனை, எஸ்ஓஎஸ் கேக்க மையமும் இல்ல. மாமாவுக்குப் பொழுதுபோகும், உங்களுக்கு பிஎல்பியும் வேணும்.

ஊருக்குப் போறப்ப இன்ரீச்சை பையில போட்டுட்டுப் போகலாமா? மலைப்பக்கம் சுத்தலாம்னு இருக்கோம்.

வேண்டவே வேண்டாம். இந்தியாவுல தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாம சாட்டிலைட் ஃபோன் வச்சிருக்கறது குத்தம், இன்ரீச்சும் அதே கணக்குல வந்துரும். ஏர்போர்ட் ஸ்கேன்ல இதைப் பாத்துட்டு வெளிநாட்டுக்காரங்களைப் பிடிச்சு வழக்குப் போட்டது ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. "இது வெறும் ஜிபிஎஸ்"னு விளக்கம் சொல்லி புரியவைக்கற இடம் செக்யூரிட்டி லைன் இல்ல. கருவியை வீட்லயே வச்சுட்டுப் போங்க, டிரான்ஸிட்ல இந்தியா வழியா போறதா இருந்தாலும்தான்.

ஆனா நம்ம ஊருக்கு இந்த யோசனை புதுசு இல்ல. கடலுக்குப் போற மீனவர்களுக்கு இஸ்ரோ செஞ்ச அபாய அறிவிப்புக் கருவி 2010-ல இருந்தே இருக்கு, பட்டனை அழுத்தினா சாட்டிலைட் வழியா கடலோரக் காவல் படைக்குப் போகும். இப்ப வந்திருக்கற ரெண்டாம் தலைமுறைக் கருவில, உங்க சத்தம் கேட்டுருச்சுன்னு கரையில இருந்து பதிலும் வரும். அந்தப் பதில் எவ்வளவு பெரிய விஷயம்னு ஒரு வழி ஸ்பாட்டை வச்சிருந்தவங்களுக்குத் தெரியும்.

டிராக்கர் இருக்குன்னு தைரியத்துல மேகத்துக்குள்ள எல்லாம் போயிட்டா? வாங்கிக் குடுத்து நானே கெடுத்த மாதிரி ஆகிடாதா?

இந்தப் பயம் எனக்கும் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கு. டிராக்கர் விழாம தடுக்காது. ஃபாசெட் விபத்துல விசாரணைக்காரங்க சொன்ன காரணம் மலையில கீழ்நோக்கி அமுக்கற காத்து, பிளேனால ஏற முடியாத அளவுக்கு. அதை எந்தப் புள்ளியும் நிறுத்தியிருக்காது, ஒரு வருஷத்துக்கு மேல எங்க விழுந்தார்னே தெரியாம இருந்ததை மட்டும் மாத்தியிருக்கும்.

ஆனா எங்க வீட்ல ஒண்ணு நடந்துச்சு. போன குளிர்காலத்துல ரீனோவுல இருந்து திரும்பும்போது முகட்டுல மேகம் இறங்கிட்டே இருந்திருக்கு. ரெண்டு நிமிஷப் புள்ளி ஒண்ணு மேற்கே வந்து, அடுத்தது அப்படியே நின்ன மாதிரி, அதுக்கடுத்தது கிழக்கே திரும்புச்சு. நான் இன்ரீச்ல "திரும்பிட்டீங்களா? நல்லது. ரூம் போட்டுக்கோங்க"ன்னு அடிச்சேன். முன்னாடி எல்லாம் வீட்டுக்கு வரலைன்னா நான் கோவிச்சுப்பேனோன்னு பயந்து எப்படியாவது வந்துடப் பாப்பாராம், அன்னைக்கு ராத்திரி ஹோட்டல்ல இருந்து ஃபோன்ல சொன்னார். பிளேனுக்கு ஒரு நாள் கூடுதல் வாடகை ஆச்சு.

வீட்ல ஒத்திகை பாக்கலாமா, இல்ல நிஜ எஸ்ஓஎஸ் போயிருமா?

டிராக்கிங்கையும் மெசேஜையும் எத்தனை தடவை வேணா பாக்கலாம், ஒரு சனிக்கிழமை கார்லயே ஆன் பண்ணி ஓட்டச் சொல்லி நீங்க வீட்ல இருந்து புள்ளியைப் படிச்சுப் பழகுங்க, அட்சரேகை எங்க காட்டுதுன்னு கண்டுபிடிங்க. எஸ்ஓஎஸ் பட்டனை மட்டும் தொடாதீங்க. பிஎல்பில தனியா சோதனை பட்டன் இருக்கும், கம்பெனி சொன்ன அளவுக்கு மேல அழுத்தினா பேட்டரி தீரும். பிளேன்ல இருக்கற ஈஎல்டியை பைலட் சோதிக்கணும்னா ஒவ்வொரு மணியும் அடிச்ச முதல் அஞ்சு நிமிஷத்துக்குள்ள, கொஞ்ச நேரம் மட்டும், அப்படித்தான் விதி.

ஃப்ரிட்ஜ் பேப்பரையும் ஒருதடவை சோதிச்சுப் பாருங்க. நாங்க பாத்தப்ப கிளப் பிளேனை மாத்தியிருந்தாங்க, பேப்பர்ல பழைய பிளேன் நம்பர், பழைய கலர். இப்ப அவர் சாவியை எடுக்கறதுக்கு முன்னாடி அந்தப் பேப்பர்ல பென்சிலால நம்பரை எழுதிட்டுதான் வாசப்படி தாண்டணும்.